சோப்பில்லாத வேப்பெண்ணெய்

"தாயே, பூச்சியைக் கொல்லவா நான் வீட்டை விட்டு வந்தேன்?"

கேட்டவர் வைத்தியலிங்கம். தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். இனி எறும்பைக்கூட மிதிப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு ஆசிரமத்துக்கு வந்தவர். குரு செண்பகத்தாய்க்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"நேத்து யார் வீட்டு அரிசி சாப்பிட்டீங்க?"

"பழனியாத்தா வீட்டு அரிசி."

"அப்ப இன்னைக்கு அவ காட்டு வேலை."

ஆசிரமத்து வழக்கம் அது. யார் வீட்டு அரிசி உலையில் விழுந்ததோ, அவர்கள் விவசாயக் காட்டில் ஒரு வேலை செய்து கொடுத்தாக வேண்டும். பழனியாத்தா வலது கையை ஒடித்துக்கொண்டு கட்டோடு இருந்தாள். அவளுடைய அவரைப் பந்தலில், சரியாகப் பூவெடுக்கும் சமயத்தில், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. மொத்தமே ஆறு வரிசை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கோடை வரைக்கும் அதுதான் பிழைப்பு.

செண்பகத்தாய் வேப்பெண்ணெயும் சீவிய சோப்புப் பொட்டலமும் கொடுத்தார்.

"மொதல்ல சோப்பைத் தண்ணியில கரைங்க. அப்புறம் எண்ணெயை ஊத்தி, மோர் மாதிரி வெள்ளையாகிற வரைக்கும் கலக்குங்க. இலைக்கு அடிப்பக்கமா அடிக்கணும்."

"சோப்பு எதுக்கு?"

"அது இல்லாட்டி எண்ணெய் தண்ணியோட சேராது. சேர்ந்தாத்தான் பூச்சி மேல படியும். மூச்சடைச்சுச் சாகும்."

வைத்தியலிங்கத்துக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. சர்க்கார் விதிகளுக்குள்ளேயே சந்து பொந்து கண்டுபிடித்துப் பழகிய மூளை சும்மா இருக்குமா? சோப்பைப் போடாவிட்டால் பூச்சி சாகாது. வேப்பெண்ணெய் நாற்றத்துக்கே ஓடிப்போய்விடும். சொன்ன வேலையும் ஆயிற்று, பாவமும் இல்லை.

பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டார். தண்ணீரையும் எண்ணெயையும் தெளிப்பானில் ஊற்றி முதுகில் மாட்டினார். ஆறு வரிசையும் அடித்து முடித்தார். அன்றைக்கு நல்ல தூக்கம்.

நாலாம் நாள் பழனியாத்தா வந்தாள். இடது கையில் கருகிய அவரைக் கொடி.

"கடைசி வரிசை வெந்து போச்சுங்க தாயே. இலையெல்லாம் ஒரே எண்ணெய். மத்ததுல பூச்சி அப்படியே இருக்குது. இன்னும் கூடிப்போச்சு. பூவெல்லாம் கொட்டுதுங்க."

வைத்தியலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"சாமிக்குப் பழக்கமில்லாத வேலை. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

கொண்டுவந்த அரிசியை வைத்துவிட்டுப் போனாள்.

வைத்தியலிங்கத்துக்கு நடந்தது புரிந்தது. தெளிப்பானில் அடியிலிருந்த வெறும் தண்ணீர் முதலில் இறங்கியிருக்கிறது. மேலே மிதந்த எண்ணெய் மொத்தமும் கடைசி வரிசையின் தலையில் விழுந்திருக்கிறது. ஒளித்து வைத்திருந்த சோப்புப் பொட்டலத்தை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தார்.

"என் கையால ஒரு உயிரும் போகக்கூடாதுன்னு நெனச்சேன் தாயே."

"அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"வேற யார்கிட்டச் சொல்றது?"

செண்பகத்தாய், பழனியாத்தா வைத்துவிட்டுப் போன அரிசியை முறத்தில் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தார்.

வைத்தியலிங்கம் அந்த அரிசியைப் பார்த்தார். பிறகு காட்டுக்கு நடந்தார்.

பழனியாத்தா ஒற்றைக் கையால் காய்ந்த கொடிகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். சோப்பை ஒளித்ததையும் சொன்னார். வாய்க்கு வந்தபடி வைவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் வையவில்லை.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒத்தைக் கையாலயாச்சும் நானே அடிச்சிருப்பனே சாமி. பூச்சியைக் கொன்ன பாவம் எனக்கு வந்துட்டுப் போகுது. எம் புள்ளைங்களுக்குக் காயாச்சும் மிஞ்சியிருக்கும்."