சூரணம் தின்ற சுவர்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு ராஜா விசித்திரமான சட்டம் போட்டார். அரண்மனை மருந்தைக் குறை சொல்பவரின் நாக்கு அறுக்கப்படும். யோசனை தலைமை வைத்தியர் வாகடநாதருடையது. ராஜா ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்கு இல்லை.

சட்டத்தில் முதலில் மாட்டியவள் மருந்துச்சாலையில் வேலை பார்த்த அமிர்தவல்லி. ஊருக்குக் கொடுக்கும் காய்ச்சல் சூரணத்தில் பேருக்குக் கொஞ்சம் கடுக்காய், மற்றதெல்லாம் செங்கல் தூளும் சுண்ணாம்பும் என்று சபையிலேயே போட்டு உடைத்துவிட்டாள். அத்தனையும் பொய் என்று வைத்தியர் ஒரேயடியாகச் சாதித்தார். வெள்ளிக்கிழமை அவள் நாக்கை அறுப்பதென்று தீர்ப்பாயிற்று. காய்ச்சலில் கிடந்த சனங்களுக்காக வாய் திறந்தவளுக்கு இந்தக் கதி. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அரண்மனை விகடகவி ஏகப்பன் அவளுக்காகச் சபையில் வாதாடவில்லை. நேரே வைத்தியரிடம் போய், அரண்மனையில் ஒரு நோயாளி இருக்கிறார், நின்ற இடத்தை விட்டு அசைய முடியாதவர் என்று சொல்லி ஒரு கூடை சூரணம் கேட்டான். விகடகவியே தம் மருந்தை நாடி வந்த பெருமையில் வைத்தியர் அள்ளிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. சிம்மாசனத்துக்குப் பின்னால் வருஷக்கணக்காக வாய் பிளந்திருந்த சுவர் விரிசலைக் காணோம்.

"மகாராஜா, நம் மருந்துக்கு ஈடான மருந்து உலகத்திலேயே கிடையாது. தண்ணீர் விட்டுக் குழைத்து இந்தச் சுவருக்குக் கொடுத்தேன். பூரண குணம்" என்றான் ஏகப்பன்.

ராஜா தட்டிப் பார்த்தார். கல்லாய் இறுகியிருந்தது. அவர் பார்வை மெல்ல வைத்தியர் பக்கம் திரும்ப, வைத்தியருக்குக் கைகால் உதறியது.

"அடடா, வைத்தியருக்கே குளிர் காய்ச்சல். கூடையில் மிச்சம் இருக்கிறது, மகாராஜா. சுவருக்கு ஒத்துக்கொண்டது இவருக்கு ஒத்துக்கொள்ளாதா?"

கரண்டி வாயருகே வருவதற்குள் வைத்தியர் ராஜாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அமிர்தவல்லியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கி, வெட்கம் வந்தது. சட்டத்தை அங்கேயே ரத்து செய்துவிட்டு, முத்துமாலையைக் கழற்றி ஏகப்பன் கழுத்தில் போட்டார். இன்னும் என்ன வேண்டும் என்றும் கேட்டார்.

"இன்று அறுக்கவிருந்த நாக்கு, மகாராஜா. இனி எந்த மருந்தும் அந்த நாக்கு நல்லது என்று சொன்ன பிறகே வெளியே போகட்டும்."

அப்படியே ஆயிற்று. வாகடநாதரைக் கொத்தனார்களிடம் வேலைக்கு அனுப்பினார்கள். கலவை குழைப்பதில் அவருக்கு நல்ல கைராசி என்று இன்றும் அந்த ஊரில் பேச்சு.