நாலு பேர் உட்காரும் பெஞ்சு

"என் பையனை அனுப்பவா, நிறுத்தவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்று வாசலிலேயே கேட்டான் கிளெப். தலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"கதவைச் சாத்து. வீடு குளிருது," என்றார் சவேலி லூகிச்.

கிளெப் கதவைச் சாத்தினான்.

ரஷ்யாவில், யூரல் மலைப் பக்கம், ஓர் இரும்பாலை ஊர் அது. வருஷத்தில் ஐந்து மாசம் ஆறு உறைந்து கிடக்கும். அங்கே ஹாக்கி என்றால் பனித்தளத்தில், பந்துக்குப் பதில் ரப்பர் வட்டை அடித்து ஆடுகிற ஹாக்கிதான். சவேலி லூகிச் அந்த ஊர்ப் பையன்களுக்கு நாற்பது வருஷம் அதைச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது எழுபத்தாறு வயது, தனியாள். பேரோடு அப்பா பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை. அவரை மொட்டையாக சவேலி என்று கூப்பிட அந்த ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது.

கிளெப் அவரிடம் ஆடக் கற்றவன். நாற்பதைத் தொடப் போகிறான். முழங்கால் ஒன்று மடங்காது.

"நாலு மணிக்கு ரயில். கனடாவுல ஏதோ ஒரு ஜூனியர் அணி கூப்பிட்டிருக்கு. தீகன் பெட்டி கட்டிட்டு உக்காந்திருக்கான்."

"அனுப்பறேன்னு போன மாசம் கையெழுத்து போட்டியாமே?"

"போட்டேன். அவங்கம்மா ஸோயா அழுதா, போட்டேன். இப்ப மனசு கேக்கலை."

கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். என் மகன் நாட்டை விட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்து அலுவலகத்தில் அதைக் கொடுத்தால் போதும். பதினேழு வயசுப் பையன், எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நேரா போய்க் குடுத்துடறேன்."

"டீ குடிக்கிறியா?"

கிழவர் சரியான கல்லுளிமங்கன். நாற்பது வருஷமும் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் வராது. கேட்காததற்குத் திட்டு வரும்.

கிளெப் டீயைக் கையில் வாங்கினான். குடிக்காமல் பேசிக்கொண்டே போனான். அங்கே தளம் நம்ம தளத்தைவிட நாலு மீட்டர் ஒடுக்கம். வட்டை வைத்துக்கொண்டு யோசிக்க விடமாட்டார்கள், மோதித் தள்ளுவார்கள். தீகனுக்குக் கை அப்படி ஒரு கை, அது வீணாய்ப் போகும். அங்கே அவன் பேரைச் சொல்லக்கூட ஒருத்தருக்கும் நாக்கு வராது.

"சரி, இங்க இருந்தா?" என்றார் கிழவர்.

கிளெப் டீயை மேசையில் வைத்தான்.

"இங்க இருந்தா பெரிய அணியில பேரு இருக்கும். ஆட விடமாட்டாங்க. முப்பத்தஞ்சு வயசுக்காரங்க ஆடுவாங்க, இவன் மூணு வருஷம் ஓரத்துல உக்காந்து பார்ப்பான்."

"ஆக, ரெண்டும் உனக்கே தெரியும். எங்கிட்ட எதுக்கு வந்தே?"

"நீங்கதானே எனக்குச் சொன்னீங்க!"

அடக்கி வைத்திருந்தது வாய்விட்டு வந்துவிட்டது. கிளெப்புக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எனக்குப் பதினேழு வயசு. இதே மாதிரி கடிதம் வந்துது. எனக்கொண்ணு, உங்க பையன் அர்சேனிக்கு ஒண்ணு. ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, இங்கேயே இருங்கடான்னு சொன்னீங்க. நான் இருந்தேன்."

"அவன் போனான்."

"அவன் போனான். நான் இருந்தேன். காலு போச்சு. இப்ப தளத்து ஐஸை வழவழப்பாக்கற வண்டி ஓட்டறேன், எட்டு வயசுப் பசங்களுக்கு ஷூ லேஸ் கட்டி விடறேன்."

"வருத்தமாடா?"

"இல்லை," என்றான் கிளெப். பிறகு, "ஆமா. டிவியில அர்சேனி ஆடறதைப் பார்த்த வருஷமெல்லாம் வயிறு எரிஞ்சுது. சொல்ல வெக்கமா இருக்கு."

கிழவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கிளெப்புக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப யாரு செஞ்சது சரி? அவனா, நானா?"

"அந்தப் பெஞ்சைக் காலி பண்ணு," என்றார் சவேலி லூகிச்.

வாசல் நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. கிளெப் பையனாக இருந்த காலத்தில், பழைய ஆட்டக்கூடத்தை இடித்தபோது அவர் தோளில் சுமந்து கொண்டுவந்தது. பெரியவர்கள் நாலு பேர் உட்காரலாம். இப்போது அதன்மேல் ஊறுகாய் ஜாடிகளும் பழைய பேப்பர் கட்டுகளும் அடைந்து கிடந்தன.

அந்தப் பெஞ்சைத் தெரியாத பையன் அந்த ஊரில் இல்லை. ரஷ்யாவில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருத்தர் தூரப் பயணம் கிளம்பினால், பெட்டி கட்டி, கோட்டு மாட்டி, வாசல் தாண்டுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். பேசக் கூடாது. போகிறவர் மட்டும் உட்கார்ந்தால் போதாது, அனுப்புகிறவரும் உட்கார வேண்டும். அப்போதுதான் பயணம் விளங்கும், போனவர் திரும்பி வருவார் என்பார்கள்.

சவேலி லூகிச் இதில் கெடுபிடி. வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறுவதற்கு முன்னால் அத்தனை பையன்களையும் பெஞ்சில் நெருக்கி உட்கார வைப்பார், தானும் உட்காருவார். வாயைத் திறந்தவனுக்கு மண்டையில் ஒரு குட்டு.

கிளெப் ஜாடிகளை இறக்கி, தூசியைத் துடைத்தான். பலகையில் பையன்கள் ஆணியால் கீறிய பேர்கள். தன் பேரைப் பார்த்தான். பக்கத்திலேயே அர்சேனி.

"அவன் கிளம்பின அன்னிக்கு," என்றார் கிழவர் பின்னாலிருந்து. "அவங்கம்மா உக்காந்தா. அவன் உக்காந்தான்."

"நீங்க?"

"நின்னேன்."

கிளெப் துணியைக் கீழே வைத்தான்.

"நான் உக்காந்தா, போயிட்டு வான்னு சொன்னதா ஆயிடும்ல? அதனால நின்னேன். அவன் நடுவுல இடம் விட்டு உக்காந்திருந்தான். ஒரு நிமிஷம் ஆச்சு. இன்னொரு நிமிஷம் ஆச்சு. வெளிய டாக்சிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். அவன் தலையைத் தூக்கலை. பிறகு எழுந்து போயிட்டான்."

"அவனுக்கு ஒரு குறையும் இல்லையே, சவேலி லூகிச். நல்லாத்தானே இருக்கான்."

"நல்லா இருக்கான். ரெண்டு பேரப் பிள்ளைங்க. நான் பேசறது அதுங்களுக்குப் புரியாது."

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் முன்னால அவங்கம்மா சாவுக்கு வந்தான். நீயும் இருந்தியே. கோட்டைக் கழட்டவே இல்லை. திரும்பிப் போறப்ப இந்த இடத்துலதான் நின்னான். பெஞ்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உக்காருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில வரலை. நின்னபடியே போயிட்டான்."

இருபத்திரண்டு வருஷமாக அவர் மகன் பேச்சை யாரும் எடுத்ததில்லை; எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"புரியுது," என்றான் மெதுவாக. "அப்ப தீகனை அனுப்பணும்கறீங்க."

"நான் எங்கடா அனுப்புன்னு சொன்னேன்?" கிழவர் கத்தினார். "எங்க ஆடினா நல்லா ஆடுவான்னு எனக்குத் தெரியாது! தெரியும் தெரியும்னு நாப்பது வருஷம் அடிச்சுப் பேசினேன். தெரியாது. போதுமா?"

அடுப்பில் கெட்டில் சலசலத்தது. அவர் போய் அதை அணைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த முனையைப் பிடி."

"எதுக்கு?"

"பிடிடான்னா!"

கிளெப் பிடித்தான். பெஞ்சின் ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த அட்டை தரையிலேயே தங்கிவிட்டது.

இரண்டு தெரு தள்ளித்தான் கிளெப்பின் வீடு. ஒருத்தர் மூச்சு வாங்குகிறார், இன்னொருத்தன் காலை இழுக்கிறான். நடுவில் ஒரு பெஞ்சு. ரொட்டிக் கடை வரிசையில் நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "என்ன சவேலி லூகிச், வீடு மாத்தறீங்களா?" என்று ஒருத்தி கேலி செய்தாள். கிழவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

பாதி வழியில் பெஞ்சைப் பனியில் இறக்கினார்கள். கிழவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது.

"கொஞ்சம் உக்காருங்க," என்றான் கிளெப்.

"இதுலயா? மாட்டேன்."

நின்றபடியே மூச்சு வாங்கினார். அவர் இதில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்பது அப்போதுதான் கிளெப்புக்கு உறைத்தது.

மூன்றாம் மாடி. படிகளில் இடித்து இடித்து ஏற்றினார்கள். ஸோயா கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கணவனின் முகத்தைப் பார்த்தாள், கோட்டுப் பையைப் பார்த்தாள். அந்தக் காகிதம் பற்றி அவளுக்குத் தெரியும்.

தீகன் கோட்டு மாட்டி, பெட்டியோடு நடையில் நின்றான். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். அப்பா வரமாட்டார் என்று முடிவு கட்டியிருந்தவன், பெஞ்சைக் கண்டதும் திகைத்துப் போனான்.

பெஞ்சை நடையில் போட்டார்கள். ஸோயா ஒரு முனையில் உட்கார்ந்தாள். தீகன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பெஞ்சு ஒரு பக்கமாக ஆடியது.

தீகனுக்கு அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

கிளெப் அந்தக் காலி இடத்தைப் பார்த்தான். போனால் பையன் திரும்புவானா, தெரியாது. இருந்தால் பையன் தன்னை மன்னிப்பானா, அதுவும் தெரியாது.

பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். மடங்காத காலை நீட்டி, சுவரைப் பிடித்துக் கஷ்டப்பட்டுக் குனிந்து, பெஞ்சின் குட்டைக் காலுக்கு அடியில் திணித்தான்.

பெஞ்சு ஆடுவது நின்றது.

அவன் மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சவேலி லூகிச் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. எழுந்திருக்கலாம். தீகன் எழவில்லை. இன்னொரு நிமிஷமும் ஆயிற்று.

கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"தள்ளி உக்காருடா, கிளெப்," என்றார்.