தொட்டியில வச்ச கிட்டார்

சாத்தாங்கரையில மூணு பேர் இருந்தானுவ. மூணு பேருக்கும் சேத்து ஒரே மூளைன்னு ஊர்ல பேச்சு. சுத்தப் பொய். அவ்வளவெல்லாம் கெடையாது.

அதுல ரெக்ஸ்லின்கிட்ட ஒரு எலக்ட்ரிக் கிட்டார் உண்டு. பெனிட்டா மேல காதலும் உண்டு. அவ அப்பா ஞானமுத்து செடி நர்சரி வச்சிருக்காரு. அவரு முடிவாச் சொல்லிட்டாரு: "ஞாயித்துக்கிழம வாறேன். வாசிச்சுக் காட்டு. பிடிச்சா பொண்ணத் தாறேன்."

கிட்டாரத் தொட்டா "உர்ர்ர்"னு ஒரே இரைச்சல். ரெக்ஸ்லின் மியூசிக் கடை ஆசீர் அண்ணனுக்குப் போனப் போட்டான்.

"தந்திக்கு அடியில இருக்க பிக்கப் போச்சுலே, நல்லதா ஒண்ணு வாங்கி மாத்து. ஈயம் பத்த வைக்கும்போது கை ஆடக் கூடாது. எர்த் நல்லாக் குடு, இரைச்சல் நின்னுரும்."

புது பிக்கப் வாங்கியாச்சு. கை ஆடக் கூடாதுல்லா? கூட்டாளி மரியடப்பன் ரெக்ஸ்லின் கையக் கட்டில் காலோட சேத்துக் கட்டிட்டான்.

"இப்ப எப்படிலே பத்த வைக்க?"

"கிட்டார ஆட்டுவோம். அது ஆடக் கூடாதுன்னு அண்ணன் சொல்லலையே" என்றான் மூணாமவன் ஸ்டெனிஸ். ஆட்டினான். ஈயம் தெறிச்சு கிட்டார்ல அங்கங்க அம்மைத் தழும்பு.

அடுத்து எர்த். மரியடப்பனுக்கு அது தெரியும்.

"எங்க வீட்டுக்குப் போட்டப்ப பாத்தேன். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தெனம் தண்ணி ஊத்தணும்."

"மாடியில எங்கலே குழி?"

"பெயிண்ட் வாளி இருக்குல்லா?"

"கழுத்து வரைக்குமா, இடுப்பு வரைக்குமா?"

ரொம்ப நேரம் யோசிச்சு, கிட்டார இடுப்பு வரைக்கும் நட்டானுவ.

ஞாயித்துக்கிழம ஞானமுத்து வந்தாரு. ரெக்ஸ்லின் வாளிக்கு முன்னால முட்டி போட்டு வாசிச்சான். சத்தமே வரல.

"பாத்தீங்களா மாமா, இரைச்சலே இல்ல!"

ஞானமுத்து பாட்டக் கவனிக்கவே இல்ல. வாளி மண்ணத் தொட்டு நாக்குல வச்சாரு. மொகம் செவந்துட்டு.

"அடப்பாவிகளா! உப்பப் போட்டா எப்படிலே பிழைக்கும்? ஒரு செடியக் காப்பாத்தத் தெரியாதவனுக்கா என் பொண்ணு?"

ரெக்ஸ்லின் அழுதுட்டான். அவருக்கே மனசு எளகிட்டு. செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் வரவழைச்சு, மண்ண மாத்தி, வாளிய நெழல்ல வச்சாரு.

"துளிர் விட்டா கல்யாணம்."

மறுநாள் பெனிட்டா வாளியப் பாக்க வந்தா. வரும்போது அவ கையில இருந்த ஒரு பிடி வெந்தயத்தப் போகும்போது காணல. நமக்கெதுக்கு அது.

அந்த வாரமே துளிர் விட்டுட்டு. கல்யாணமும் முடிஞ்சிட்டு.

மாமாவும் மருமவனும் இப்பவும் வாளி பக்கத்துலதான் குத்தவச்சிருக்காவ.

"வரப்போறது லீட் கிட்டாரா, பேஸ் கிட்டாரா மாமா?"

"அவசரப்படாதீங்க மாப்பிள. காய் விடட்டும்."