கரும்பாறைக்கு அடியில் குடித்தனம்

பாறைப்பட்டியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது, பஞ்சம் தண்ணீருக்குத்தான். ஊர் முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. எட்டுக் கிணறு தோண்டி எட்டிலும் கல்லைத்தான் எடுத்தார்கள். கடைசியில் இன்ஜினியர் சுகந்தி கருவிகளோடு வந்தார்.

"இரும்புக் குண்டைத் தரையில போடுவோம். அந்த அதிர்வு பாறைக்குள்ள போய், அடியில இருக்கிற அடுக்குல பட்டுத் திரும்பி வரும். அதை வச்சு அடியில மணற்கல் இருக்கான்னு படம் எடுக்கலாம். இருந்தா தண்ணியும் இருக்கும். ஆனா கரும்பாறை முக்கால்வாசி அதிர்வை முழுங்கிடும், மிச்சத்தைக் காலடி அதிர்வே மறைச்சிடும். அதனால ஒரு மணி நேரம் யார் காலும் தரையில படக் கூடாது. நாளைக்கு ஒருநாள்தான் போர்வெல் லாரி. படம் சரியா வரலைன்னா அடுத்த ஊருக்குப் போயிடும்."

ஊர்த்தலைவர் சடையாண்டி உடனே கூட்டம் போட்டார்.

"கட்டில்ல ஏறி உக்காந்துக்கலாம்" என்றான் ஒச்சு.

"ஊர்ல மொத்தம் ஆறு கட்டில். ஏழாவது ஆள் என்னடா பாவம் பண்ணான்?"

நியாயம்தான். யாருக்கும் கட்டில் வேண்டாம், எல்லோரும் குதிக்கலாம் என்று முடிவானது. குதிக்கும்போது கால் தரையில் இருக்காது அல்லவா? திரும்பக் கீழே வருவதைப் பற்றி யாரும் பேச்சை எடுக்கவில்லை.

ஊருக்கு வெளியே, வேனுக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சுகந்தி ஒரு மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அடுக்கு ஒண்ணுமே தெரியலை! படம் முழுக்க நூறு பேர் குதிக்கிற அதிர்வுதான் இருக்கு!"

சடையாண்டி முன்னால் வந்தார்.

"மேடம், படம் பாறைக்கு அடியிலதானே எடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப அடியில நூறு பேர் இருக்காங்க!"

"குதிச்சது நீங்கய்யா!"

"நாங்க மேல இருந்தோம் மேடம்" என்றார் சடையாண்டி, படிக்காதவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமையோடு.

படம் இல்லாவிட்டாலும் ஒரு ஓட்டை போட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் வந்த போர்வெல் லாரியை ஊரே மறித்தது. "குடித்தனம் இருக்கிற வீட்டுக் கூரையில ஓட்டை போட வந்தீங்களா? நீங்கெல்லாம் மனுஷங்கதானா?" லாரி அடுத்த ஊருக்குப் போனது. சுகந்தி அதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

அப்புறம்தான் ஒச்சுவுக்கு உறைத்தது.

"தலைவரே, அவங்க எதுக்குக் குதிச்சாங்க? தண்ணி இல்லாத ஊர்லதானே இப்படிக் குதிப்பாங்க?"

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் மிச்சமிருந்த மூன்று குடம் தண்ணீரையும் பாறை வெடிப்பில் ஊற்றச் சொன்னார். ஊற்றி முடித்ததும் ஒச்சு குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டான்.

"என்னடா, நன்றி ஏதாச்சும் சொல்றாங்களா?"

"ஒரு சத்தமும் இல்லை தலைவரே. குடிக்கிறாங்க போல."