லட்சுமிக்காகத் திறந்து வெச்ச கதவு

வேலூர்ல கத்திரி வெயில் கொளுத்துது. பரந்தாமன் கட்டின ஷாப்பிங் மால் வாசல்ல மட்டும் மார்கழி மாசம். மூடினா லட்சுமி உள்ள வரமாட்டான்னு ஜோசியர் சொன்னதால, மாலோட முன்கதவு எந்நேரமும் ஆன்னு திறந்தே கிடக்கும். ஏசி குளிரெல்லாம் தெருவுக்குப் போகும். எதிர் பஸ் ஸ்டாப்புல ஜனங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நிப்பாங்க.

கரண்ட் பில்லைப் பாத்த பரந்தாமன், ஏசி ஆபரேட்டர் இருசப்பனைக் கூப்பிட்டாரு.

"யோவ், அடுத்த மாசம் பில்லு பாதியாகணும். ஒரு லைட்டு அணையக்கூடாது, ஏசி குறையக்கூடாது, கதவு மூடக்கூடாது. முடியலேன்னா நீ வீட்டுக்குப் போயிடு."

இருசப்பன் தலையைச் சொறிஞ்சான். "சரிங்க மொதலாளி. ஒரே ஒரு சந்தேகம். லட்சுமி உள்ள வந்துட்டாங்களா?"

"வராமயா இத்தனை கடை ஓடுது?"

"இல்ல, இந்தக் குளிர் தாங்காம எழுந்து வெளிய போயிட்டாங்கன்னா? கதவுதான் திறந்தே கிடக்கே."

அந்த ஏசிலயும் பரந்தாமனுக்கு வேர்த்துடுச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாரு. சாத்தினதும் அடுத்த பயம் வந்துச்சு.

"ஏய்யா, இனிமே வர்ற லட்சுமி எப்படிய்யா உள்ள வருவா?"

"அவங்களுக்கு நாலு கை மொதலாளி. ரெண்டுல தாமரை, ஒண்ணுல காசு. ஆசீர்வாதம் பண்ற கையை ஒரு நிமிஷம் இறக்கித் தள்ளமாட்டாங்களா?"

பில்லு பாதியாச்சு, இருசப்பன் வேலையும் தப்பிச்சுது. கதவுல இப்ப பரந்தாமன் மாட்டின போர்டு தொங்குது: "தாயே, தள்ளவும்."