உப்பாயி வாசலுக்கு வந்த கதை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்தவர்களும் நம்மைப் போலவே ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மலைத்தேன் எடுக்கிற கோடன் என்று ஒருவன் இருந்தான். அவனுடைய இதயத்துக்குப் பெயர் துடியன். நல்லவன்தான், ஆனால் நிதானம் கிடையாது. கோடன் ஓடினால் இரத்தத்தை அடித்துத் தள்ளுவான். கோடன் சோர்ந்து படுத்தால் இவனும் சுருண்டுகொள்வான்.

அந்த இரத்தம் சிறுநீரகத்துக்குப் போகும். அங்கே இருந்த எத்தனையோ சல்லடைகளில் ஒன்றின் கதை இது. சத்தை நிறுத்திக்கொண்டு அழுக்கை வடித்து விடுவது அதன் வேலை. சல்லடைக்கு முன்னால் கதவைக் காத்தவன் வாசலான். வடித்த நீர் ஒரு நீளமான கால்வாயில் ஓடும். அதன் கடைக்கோடியில் உட்கார்ந்து உப்புப் பார்க்கிறவள் உப்பாயி. ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், மேலே என்ன கூத்து நடக்கிறதென்று சொல்லிவிடுவாள். சொல்லி என்ன, கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

வாசலானோ கதவை ஒரே மாதிரி திறந்து வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நிற்பான். "வீடு தேடி வருகிறவர் முகத்தில் கதவை ஒடுக்குவதா? எங்கள் வம்சத்திலேயே கிடையாது" என்பான். அவனுக்கு விருந்தோம்பல் என்றால் அவ்வளவு கிறுக்கு.

ஒருநாள் கோடன் சரியாகப் புகை போடாமல் தேனடையில் கை வைத்துவிட்டான். ஈக்கள் துரத்தின. அவன் ஓட, துடியன் அடித்த அடியில் இரத்தம் வெள்ளமாக வந்து வாசலில் மோதியது.

"தம்பி, என் இழையெல்லாம் விடுகிறது. கொஞ்சம் ஒடுக்கேன்" என்று சல்லடை கெஞ்சியது.

"விருந்தாளிகள் அக்கா, பொறுத்துக்கோ" என்றான் வாசலான்.

இழை விலகிச் சத்தும் சேர்ந்து கால்வாயில் போய்விட்டது. கீழே உப்பாயி வாயில் வைத்தாள். ஒரே கரிப்பு, போதாததற்கு நுரை வேறு. கத்திப் பார்த்தாள். மேலே எட்டவில்லை.

கோடன் எப்படியோ தப்பி வந்தான். ஆனால் கால் வீங்கி, சோறு தண்ணீர் இறங்காமல் படுத்துவிட்டான். இப்போது துடியனுக்குத் தெம்பில்லை. இரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது. அதற்கும் கதவு பழைய அளவுதான். வடிப்பதற்கு வேகம் போதாமல் சல்லடை சும்மா கிடந்தது; அழுக்கு இரத்தத்திலேயே தங்கிவிட்டது. கீழே வந்து சேர்ந்த ஓரிரு சொட்டில் உப்பே இல்லை. கோடன் போய்விட்டால் உள்ளே இருக்கிற நாம் எல்லாரும் போனோம் என்று உப்பாயிக்குப் புரிந்துவிட்டது.

இனி கத்திப் பயனில்லை என்று எழுந்தாள். கால்வாயின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நீர் வந்த வழியே மேலே நடந்தாள். கால்வாயும் வளைந்து அவள் பின்னாலேயே வந்தது. நேராக வாசலானின் நிலைக்கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"யாரம்மா நீ?"

"உன் விருந்து மிச்சத்தை நாள் முழுக்க நக்கிப் பார்க்கிறவள். ஒன்று கேட்கிறேன், சொல். கல்யாண வீட்டில் வந்த கூட்டத்தை எல்லாம் ஒரே பந்தியிலா உட்கார வைப்பாய்?"

"அதெப்படி? இலை கிழிந்துவிடுமே. அடுத்த பந்திக்கு நிற்கச் சொல்லுவோம்."

"கூட்டமே வராவிட்டால்?"

"நானே தெருவுக்குப் போய்க் கூட்டி வருவேன்."

சொன்ன பிறகுதான் வாசலானுக்கு உறைத்தது. சல்லடையின் விலகிய இழைகளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுததெல்லாம் போதும். உப்பு குறைந்து கிடக்கிறது, அகலத் திற. அந்தத் துடியனுக்கும் ஆள் அனுப்பு" என்றாள் உப்பாயி.

கதவு அகன்றது. வாசலான் அனுப்பிய ஆள் ஓடி, வழிநெடுக இரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லி, துடியனையும் உசுப்பிவிட்டான். அழுத்தம் மெல்ல ஏறியது. சல்லடை வடிக்கத் தொடங்கியது. கோடன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான்.

உடம்பு தேறியதும் அவன் ஊர்க் கூத்தில் போட்டானே ஒரு ஆட்டம்! வெள்ளம் மறுபடி வந்தது.

"உப்பு ஏறுகிறது, ஒடுக்கு" என்றாள் உப்பாயி.

"இருங்க, இருங்க, அடுத்த பந்தி" என்று சிரித்துக்கொண்டே வாசலான் கதவை ஒடுக்கினான். சல்லடையில் ஓர் இழைகூட அசையவில்லை. அது சந்தோஷத்தில் பாட்டே பாடியது.

அப்புறம் என்ன, அந்த வாசலிலேயே வாசலானுக்கும் உப்பாயிக்கும் கல்யாணம். துடியன் வந்து மேளம் அடித்தான், அளவோடுதான். மற்றச் சல்லடைகளின் வாசல்காரர்களும் பார்த்துவிட்டுத் தங்கள் கால்வாயை வளைத்து இழுத்துக்கொண்டார்கள். துடியன் வருஷக்கணக்கில் வெறிபிடித்து அடித்தால் இந்தப் புருஷன் பெண்டாட்டியாலும் தாங்க முடியாது, அது வேறு விஷயம்.

அன்று முதல்தான் சிறுநீரகத்தின் கால்வாய் ஒவ்வொன்றும் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தன் சொந்த வாசலையே தொட்டுக்கொண்டு போகிறது. நாம் ஓடினாலும் உறங்கினாலும் உள்ளே சல்லடை ஒரே சீராக வடித்துக்கொண்டிருக்கிறது.