குப்பை என்று பேர் வைத்தவள்

திருமேனி வாத்தியார் மடத்துக் குருவைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்துப் புத்தி சொல்லி ஓய்வு பெற்றவர். பிறகு மடத்தில் வந்து சீடராகச் சேர்ந்தார். அவருடைய வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அன்று பௌர்ணமி பூசை. செங்கமலம் என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளையின் காதில் குருவே பேர் சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

“என்ன பேரும்மா?”

“குப்பை, சாமி.”

கூட்டம் முகம் சுளித்தது.

“பெத்தவதானா இவ?” என்றாள் ஒருத்தி.

“காலையில பிள்ளையக் குப்பைமேட்டுல போட்டுப் புரட்டுனாளாம்,” என்றாள் இன்னொருத்தி. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் பேசும்.

குரு குனிந்து அந்தப் பேரைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னார். செங்கமலம் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் நிமிர்ந்து வெளியே போனாள். அந்தத் தெம்பு எல்லோருக்கும் வராது.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

“தப்பு நடந்துபோச்சு சாமி. பஸ் இன்னும் வரல, வாசல்லதான் நிக்கிறா. கூப்பிட்டு வேற பேர் வச்சிரலாம்.”

“இந்தப் பேருக்கு என்ன?”

“நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பசங்க ஓட்டியே அழ வச்சிருவானுங்க. இவளுக்கு இதுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்க தங்கலையாம். அதுக்காகக் குப்பைன்னு கூப்பிட்டா எமன் ஏமாந்துருவானா? ஒழுங்கா வைத்தியம் பாக்கணும்.”

“பாக்கலையா?”

வாத்தியார் கொஞ்சம் இழுத்தார்.

“பாத்திருக்கா. ஊசியெல்லாம் ஒண்ணு விடாமப் போட்டாளாம். நானே கேட்டேன்.”

“குப்பைமேட்டுல புரட்டினாளே. பிள்ளை மேல நாத்தம் அடிச்சுதா?”

“இல்ல சாமி. மஞ்சள் வாசனைதான் வந்துச்சு.”

“கழுத்து மடிப்புல வேர்க்குரு?”

“ஒண்ணுகூட இல்ல. இந்த வெயில்லயும்.”

குரு தலையை ஆட்டினார்.

“அதத்தான் சாமி நானும் கேக்குறேன்,” என்றார் வாத்தியார். “இவ்வளவு பாத்துக்கிறவளுக்கு எதுக்கு இந்தக் கூத்து? உங்கம்மா உங்களுக்கு இப்படி ஒரு பேர் வச்சிருந்தா அந்தக் கஷ்டம் தெரியும்!”

குருவின் வீட்டுப் பேர் மடத்தில் யாருக்கும் தெரியாது. துறவியிடம் அதைக் கேட்கிற வழக்கமும் இல்லை.

குரு சிரித்தார்.

“குப்பைன்னுதான் வச்சா.”

வாத்தியார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு எல்லாம் நல்ல நல்ல பேராத்தான் வச்சிருந்தா, வாத்தியாரே.”

வாத்தியார் எழுந்தார். மூலையில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பஸ் இன்னும் வரவில்லை. சுற்றி நின்றவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் குடையை விரித்தார்.

“இப்படித் தள்ளி நில்லும்மா,” என்றார் செங்கமலத்திடம். “குப்பை மேல வெயில் படுது.”